தைராய்டு மாத்திரையின் அளவு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? 74 வயது அம்மாவுக்காகக் கேட்ட தம்பிக்கு

ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு வணக்கம். மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. ஆறு வருடமாகத் தைராய்டு சுரப்புக் குறைவுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் வரை ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 4, 5 என்று ஒரே சீராக இருந்தது (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இந்த எண் ஏறும், அதிகமானால் இறங்கும்). நவம்பரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, ஆறு மாதத்துக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். ஜனவரியில் டிஎஸ்எச் 11.8 வர, தைராய்டு மாத்திரை 75 ஆனது. மார்ச் கடைசியில் 8.9 வர, 88 ஆனது. இப்போது ஜூலையில் 0.08. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, ராத்திரி தூக்கமில்லை, மூன்று கிலோ இளைத்து 50 கிலோவுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டில், "அந்த மாத்திரையே வேண்டாம், கிட்னி போய்விடும், நிறுத்துங்கள்" என்கிறார்கள். நிறுத்தலாமா, ஏன் இப்படி ஏறி இறங்குகிறது, மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். என் அம்மாவுக்கும் இதே நோய். பதினாறு வருடம் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான். மாத்திரையின் அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டர்தான். ஆனால் அவரிடம் என்ன சொல்லவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்பதை நான் சொல்ல முடியும். உங்கள் கடிதத்திலேயே பதில் பாதி இருக்கிறது.

அதற்கு முன்னால் அவசரமான விஷயம். டிஎஸ்எச் 0.08 என்றால் அம்மாவின் உடம்பில் தைராய்டு ஹார்மோன் தேவைக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். இந்த வயதில் இதை அடுத்த மாதப் பரிசோதனை வரை தள்ளிப்போடக் கூடாது. இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து, இந்த எண்ணையும் படபடப்பையும் சொல்லி, நாளைய மாத்திரை என்ன அளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் சில நாள் விட்டுவிட்டுக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார்கள், அல்லது நேராகவே குறைப்பார்கள். அவர் சொல்லும்வரை 88-ஐத் தொடரவேண்டுமா என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடுங்கள். ஓரிரு நாளில் ஒரு ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஹார்மோன் அதிகமானால் வயதானவர்களுக்கு இதயத்தின் மேல் அறைகள் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பிக்கும். அந்த அறைக்குள் ரத்தம் தேங்கி, உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில் 60 வயது தாண்டியவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 1994-ல் வெளியிட்டார்கள். டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இந்தத் தாளம் தப்பும் நோய் மூன்று மடங்கு வந்திருந்தது. அம்மாவின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணிப் பாருங்கள். வேகம் மட்டும் பார்க்காதீர்கள். துடிப்பு சீராக வருகிறதா, இரண்டு வேகமாக வந்து ஒன்று காணாமல் போகிறதா என்று பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், மயக்கம், வாய் கோணுதல், ஒரு கை விழுந்துவிடுதல், இதில் எது வந்தாலும் யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிட்டுக் கீழே இறக்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து சேரவேண்டும், அதனால் யோசிப்பதில் நேரத்தை விடவேண்டாம்.

சரி, இப்போது அந்தக் கணக்கு. நீங்கள் எழுதியதை நான் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆறு வருடம் 50-ல் நன்றாக இருந்தவருக்கு ஜனவரியில் திடீரென்று ஏன் 11.8? நடுவில் நடந்தது ஒன்றுதான்: கால்சியம். "காலையில் எல்லா மாத்திரையும் சேர்த்துப் போட்டுவிடுவார்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால் கால்சியம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குடலில் உறிஞ்சப்படாமல் மருந்தில் ஒரு பகுதி அப்படியே வெளியே போய்விடும். அம்மா சாப்பிட்டது 50, உடம்புக்குள் போனது அதைவிடக் குறைவு. டிஎஸ்எச் ஏறியது. அளவைக் கூட்டினார்கள். கால்சியம் தொடர்ந்ததால் அப்போதும் போதவில்லை, மறுபடி கூட்டினார்கள். ஏப்ரல் கடைசியில் கால்சியம் கோர்ஸ் முடிந்தது. அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது விலகியதும் 88 மைக்ரோகிராமும் தடையில்லாமல் உள்ளே போக ஆரம்பித்தது. ஜூலையில் 0.08.

88 எவ்வளவு பெரிய அளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தைராய்டு சுரப்பியே சுத்தமாக வேலை செய்யாத வாலிப வயதுக்காரருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 50 கிலோவுக்கு அது 80. வயதானவர்களுக்கு அதிலும் குறைவாகவே போதும். ஆக, 74 வயது அம்மா ஒரு வாலிபப் பெண்ணுக்கான முழு அளவுக்கும் மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இது என் ஊகம்தான், நான் அம்மாவைப் பார்க்கவில்லை. எலும்பு முறிவுக்குக் கொடுத்த வலி மாத்திரையோடு வயிற்றுப் புண் வராமல் இருக்க பான்டபிரசோல் மாதிரி ஏதாவது கொடுத்தார்களா என்றும் பாருங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தாலும் தைராய்டு மாத்திரை சரியாகக் கரையாது. ஜெலுசில் மாதிரி அமில முறிவு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்பேட் இவையும் தடுக்கும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதைச் சீட்டு எழுதியவரோ மருந்து கொடுத்தவரோ ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்த எட்டு மாத அலைச்சலே இருந்திருக்காது. என் தொழிலில் இருந்தவர்கள் இதைச் சொல்லத் தவறுவது எனக்கு இன்றைக்கும் மனசு கேட்காத விஷயம்.

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் கணக்கராக இருந்தார். அவர் போன பிறகும் அம்மா மலையை விட்டு வரவில்லை, நான் வாரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து வருவேன். டிஎஸ்எச் 14 வந்தது. அப்போது நாங்கள் காட்டிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில் ஒவ்வொரு தடவையும் "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். "வெறும் வயிற்றில்தான் சாப்பிடுகிறேன்" என்று அம்மா சொல்வார். மூன்று முறை அளவைக் கூட்டினார்கள். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு முறை லீவு போட்டு ராத்திரி அங்கேயே தங்கினேன். காலை ஐந்து மணி, வெளியே பனி மூடியிருக்கிறது. அம்மா அடுப்பு மேடை ஓரமாக நின்று டப்பாவைத் தட்டி ஒரு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தார், நாக்கில் வைத்தார், எவர்சில்வர் டம்ளரில் ஆற்றி வைத்திருந்த காபியில் முதல் வாயைக் குடித்து விழுங்கினார். "என்னம்மா இது?" என்றேன். "வெறும் வயித்துலதானே சாப்பிடறேன்? இன்னும் எதுவும் சாப்பிடலையே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் காபி சாப்பாட்டுக் கணக்கிலேயே வருவதில்லை. இட்லி இறங்கும்வரை வயிறு வெறும் வயிறுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த செடி, இருநூறு வருடத்தில் தண்ணீருக்குச் சமமாகிவிட்டது. ஆனால் காபி தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பது ஆய்வில் நிரூபணமானது. அதில் விடும் பாலில் இருக்கும் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். அதனால் நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் "வெறும் வயிற்றில்" என்று சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன். "தண்ணீரோடு சாப்பிடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி" என்று சொல்ல ஆரம்பித்தேன். கேட்டவர்களில் பலருக்கு அப்போதுதான் முகம் மாறும்.

உங்கள் அம்மாவும் மாத்திரையோடு காபி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. ஆறு வருடம் 50 சரியாக இருந்தது காபியோடு சேர்ந்த 50. இப்போது கால்சியமும் இல்லை, நாளை முதல் காபியையும் தள்ளிவைத்தால் மாத்திரை இன்னும் அதிகமாக உள்ளே போகும். ஏற்கெனவே அதிகமாக இருக்கும் நேரத்தில் அதைச் செய்யாதீர்கள். டாக்டர் புது அளவு சொல்லும்போதே, "இனிமேல் காபியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கப்போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அவர் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்.

காலைக் காபியைத் தள்ளிப்போட முடியவே முடியாது என்றால் ராத்திரிக்கு மாற்றலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது. ராத்திரி சாப்பிட்டாலும் நன்றாகவே வேலை செய்கிறது என்று 2010-ல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ஏழு மணிக்கே சாப்பிட்டு முடிக்கும் பெரியவர்களுக்கு இது வசதி. என் அம்மா அதற்குத்தான் மாறினார். பத்து மணிக்கு ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் வெந்நீர். காலைக் காபி அவருக்கு மிஞ்சியது, அளவும் 100-லிருந்து 62.5-க்கு இறங்கியது. ராத்திரியில் கால்சியமோ மேலே சொன்ன மற்ற மருந்துகளோ சேர்ந்து வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரம் என்றாலும் தினமும் அதே மாதிரி இருக்கவேண்டும். ஒரு நாள் காபியோடு, ஒரு நாள் காபி இல்லாமல், அமாவாசை விரதத்தன்று மத்தியானம் என்று மாறி மாறிப் போனால் எந்த டாக்டராலும் அளவு சொல்ல முடியாது. விரத நாளில் தண்ணீரோடு மாத்திரை போட்டால் விரதம் கெடாது என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அன்றைக்கே ஞாபகம் வந்தால், சாப்பிட்டு மூன்று மணி நேரம் போன பிறகு போடலாம். அடுத்த நாள் சேர்த்து இரண்டாகப் போடுவது இந்த வயதில், அதுவும் படபடப்பு இருப்பவருக்கு வேண்டாம்.

இந்த ஏழு நாள் கணக்கால்தான் அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்கச் சொல்கிறார்கள். டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பது இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துக் கொடுக்கும் குரல். எஸ்டேட்டில் ஆள் வேலையில் அசந்தால் மேஸ்திரி சத்தம் போடுவார் இல்லையா, அதுதான். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் குரல் ஏறும், அதிகமானால் குரல் அடங்கும். ஆனால் இந்த மேஸ்திரி நிதானமானவர். இன்றைக்கு மாத்திரையை மாற்றினால் அவர் குரலை மாற்ற ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்வார். மூன்று வாரத்தில் பார்த்துவிட்டு "இன்னும் குறையவில்லை" என்று மறுபடி கூட்டினால், கடைசியில் இரண்டு கூட்டலும் சேர்ந்து வந்து நிற்கும். இன்னொன்று, காய்ச்சல், ஆபரேஷன், நிமோனியா என்று படுத்து எழுந்திருக்கும் சமயத்தில் டிஎஸ்எச் தானாகவே கொஞ்ச நாள் தாறுமாறாக இருக்கும். அப்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்து அளவை மாற்றுவதற்கு முன்னால், தேறிய பிறகு ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடி கொட்டுவதற்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடவேண்டும். அது ரிப்போர்ட்டையே பொய்யாக்கும், இல்லாத தைராய்டு மிகையை இருப்பதாகக் காட்டும். உங்கள் அம்மா அதைச் சாப்பிடுகிறாரா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எந்த எண் சரியான எண் என்ற கேள்வி. லேப் ரிப்போர்ட்டில் இருபது வயதுப் பெண்ணுக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒரே அளவுகோல்தான் அச்சடிக்கிறார்கள், மேல் எல்லை சுமார் 4.5. பாட்டிக்கு 5.8 வந்தால் தடித்த எழுத்தில், பக்கத்தில் அம்புக்குறியோடு வரும். வீடே பதறும். ஆனால் வயது ஏற ஏற டிஎஸ்எச் கொஞ்சம் ஏறுவது இயல்பு. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 70, 80 வயது தாண்டி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டிஎஸ்எச் 4-லிருந்து 6 வரை இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஆறு வருடம் இருந்த 4, 5 என்பது அப்படியே அதற்குள் இருக்கிறது. அவரை 2-க்கோ 1-க்கோ இறக்கவேண்டிய அவசியமே இல்லை.

இங்கே இன்னொரு கேள்வியும் நியாயமானது: அம்மாவுக்கு மாத்திரை முதலில் தேவைப்பட்டதா? ஆறு வருடத்துக்கு முந்தைய முதல் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் டிஎஸ்எச் 30, 40 என்று இருந்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 குறைந்திருந்தால் அது உண்மையான சுரப்புக் குறைவு. கழுத்தில் ஆபரேஷன் செய்து தைராய்டை எடுத்திருந்தாலும், கதிரியக்க அயோடின் கொடுத்திருந்தாலும் பேச்சே இல்லை, ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும். ஆனால் டிஎஸ்எச் 6, 7 மட்டும் இருந்து டி4 சரியாக இருந்தது என்றால் கதை வேறு. 2017-ல் ஐரோப்பாவில் இப்படிப்பட்ட 65 வயது தாண்டிய 737 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தைராய்டு மாத்திரையும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். டிஎஸ்எச் எண் இறங்கியது. அசதியிலோ மற்றத் தொந்தரவுகளிலோ இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் இப்போதெல்லாம் வயதானவர்களுக்கு 10-க்குக் கீழே இருந்தால் உடனே மாத்திரை ஆரம்பிக்காமல், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கம். பல பேருக்கு அது தானாகவே இறங்கியும் விடும். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் வந்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எழுபது வயதுக்காரருக்கு ஆயுசு மாத்திரை ஆரம்பிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் அம்மாவின் முதல் ரிப்போர்ட் அப்படி இருந்தால், படபடப்பு அடங்கிய பிறகு, படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் கண்காணிப்பில் செய்யவேண்டிய வேலை அது.

பக்கத்து வீட்டில் சொல்கிறபடி நீங்களாகவே நிறுத்துவது வேறு. உண்மையான சுரப்புக் குறைவு இருப்பவர் மாத்திரையை விட்டால் முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது, "பார், நன்றாகத்தானே இருக்கிறார்" என்று தோன்றும். அப்புறம் மெதுவாக வரும். மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, கண்ணுக்குக் கீழே வீக்கம், பேச்சிலும் நடையிலும் மந்தம், மறதி, காது கேட்பதில் குறைவு. இதையெல்லாம் வயசாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். மலையில் இன்னும் ஒரு சிக்கல். குளிர் தாங்காமை இந்த நோயின் முக்கிய அடையாளம். சேலத்தில் சித்திரை வெயிலில் ஒரு பாட்டி மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் யாருக்காவது உறைக்கும். ஏற்காட்டில் எல்லோருமே ஸ்வெட்டரும் மப்ளருமாக இருப்பதால் அம்மா இரண்டு கம்பளி போர்த்துவது யார் கண்ணிலும் படாது. என் அம்மாவுக்கு நோயைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் தாமதமானது அதனால்தான்.

நிறுத்தி மாதக்கணக்கில் விட்டு, மார்கழிக் குளிரில் ஒரு சளியோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் நிலைமை உயிருக்கே ஆபத்தாகப் போகலாம். உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்கிக்கொண்டே, மூச்சு மெதுவாகிக்கொண்டே போகும். தூக்க மாத்திரை கொடுத்தால் இன்னும் மோசம். காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது, இதில் உடம்புச் சூடு இறங்கும், ஏறாது.

மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இது உடம்பு தானே செய்துகொள்ளும் ஹார்மோன்தான், குறைகிற அளவுக்கு வெளியிலிருந்து கொடுக்கிறோம். அளவு சரியாக இருந்தால் எத்தனை வருடமும் சாப்பிடலாம். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர், இந்த நோயால் நொடிந்துபோயிருந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டைச் சாறு எடுத்து ஊசி போட்டார். அப்போது மாத்திரை கிடையாது. அதன்பிறகு அந்தப் பெண் 28 வருடம் வாழ்ந்தார். அவருக்காக 870 ஆடுகளுக்கு மேல் தைராய்டு தேவைப்பட்டது. அவர் இறந்தது 74 வயதில், உங்கள் அம்மாவின் இப்போதைய வயதில். இன்றைக்கு அந்த வேலையை ஒரு சின்ன மாத்திரை செய்கிறது.

சாப்பாட்டு விஷயத்தை அளவுக்கு மேல் பெரிதாக்க வேண்டாம். முட்டைக்கோஸ், காலிபிளவர் வேகவைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மரவள்ளிக்கிழங்கில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதில் இருக்கும் ஒரு பொருள் உடம்பில் தயோசயனேட் ஆக மாறி, தைராய்டுக்குப் போகும் அயோடினைத் தடுக்கும். அயோடின் குறைவாக இருக்கும் இடங்களில், தினமும் அதையே முக்கிய உணவாகச் சாப்பிடுபவர்களுக்குக் கழுத்துக் கழலை வர இது ஒரு காரணம். ஆனால் சேலம் ஜில்லாவில் பிறந்துவிட்டு மரவள்ளியை விலக்கி வைக்கச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. தோல் நீக்கி, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு எப்போதாவது சாப்பிடட்டும். ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் தடை இல்லை, மாவை அலசி, ஊறவைத்து, வறுத்து எடுக்கும்போதே அந்தப் பொருள் பெரும்பகுதி போய்விடும். மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் எதுவும் வேண்டாம், அவ்வளவுதான். சோயா மட்டும் அதிகம் சாப்பிடுகிற வீடு என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உப்பு முக்கியம். மலைப் பகுதி மண்ணில் மழை அயோடினை அடித்துக்கொண்டு போய்விடும், விளைவதில் அயோடின் குறையும். அதற்காகத்தான் நம் அரசு 1962-லேயே கழலைத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. இப்போது உடம்புக்கு நல்லது என்று நிறையப் பேர் இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். அதில் சேர்த்த அயோடின் கிடையாது. வீட்டுக்குச் சாதாரண அயோடின் உப்பே இருக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டும். அதே சமயம் தைராய்டுக்கு நல்லது என்று கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று தனியாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் அயோடின் குறைவால் வருவதில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வருகிறது. அதிக அயோடின் அந்தச் சுரப்பியை இன்னும் தொந்தரவு செய்யும்.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாத்திரைக்குச் சூடும் ஈரமும் ஆகாது. சேலத்து வெயிலில் நிற்கும் காரிலோ அடுப்புப் பக்கத்து அலமாரியிலோ வைக்கக் கூடாது. மலையில் ஈரம்தான் எதிரி. மூடியை இறுக்கி, உள்ளே இருக்கும் ஈர உறிஞ்சிப் பையைத் தூக்கிப்போடாமல், அதே டப்பாவில் வையுங்கள். எல்ட்ராக்சின், தைரோநார்ம் எது என்றாலும் ஒன்றையே தொடருங்கள். கடையில் வேறு கம்பெனி கொடுத்தால் டாக்டரிடம் சொல்லி, ஆறு வாரத்தில் ஒரு டிஎஸ்எச் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் 50, 75, 88 மூன்று டப்பாவும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பெரியவர்கள் டப்பாவின் நிறத்தைப் பார்த்து எடுப்பார்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டுபோனால் போதும். இடது பக்கம் தேதி, நடுவில் டிஎஸ்எச், வலது பக்கம் அன்றைய மாத்திரை அளவு. கால்சியம் ஆரம்பித்த தேதியையும் நிறுத்திய தேதியையும் அந்த வரிசைக்குள்ளேயே சிவப்பு மையில் எழுதுங்கள். அவர் பார்த்தவுடனே புரிந்துகொள்வார். காபி நேரத்தையும் அதில் எழுதுங்கள். ஈசிஜியில் தாளம் தப்பியிருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், படபடப்பை அடக்கும் சில மாத்திரைகள் ஆஸ்துமாவுக்கு ஆகாது. இதயத் தாளத்தைச் சரிசெய்ய அமியோடரோன் என்ற மருந்து எழுதினால், அதிலேயே அயோடின் நிறைய இருப்பதால் தைராய்டை எப்போது பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் கொடுத்தால், தைராய்டு அளவு மாறும் போதெல்லாம் அதன் வேலையும் மாறும் என்பதால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பரிசோதனையையும் நெருக்கமாகச் செய்யவேண்டியிருக்கும். எலும்பு முறிந்தவர், இப்போது ஹார்மோனும் அதிகம், இரண்டுமே எலும்புக்குக் கெடுதல் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். கால்சியம் மறுபடி எழுதினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புது அளவு ஆரம்பித்த நாளைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு, அங்கிருந்து ஆறு வாரம் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். இரண்டாவது வட்டத்தன்று ரத்தம் எடுத்து முடித்த பிறகு அன்றைய மாத்திரையைக் கொடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், அம்மாவுக்குத் தூக்கம் திரும்பியதா என்பதையும் சேர்த்து.